வட்டப்பாரில் முருகை பூத்த கதை

உப்புவெளிக் கரையில் சுற்றுலா ஆட்களை ஏற்றும் படகுகள் வரிசையாக நிற்கும். அவற்றில் பாக்கியரத்தினத்தின் படகுதான் எப்போதும் முதலில் நிரம்பும். அது ஒன்றும் புதுப் படகல்ல. இஞ்சின் இருமி இருமித்தான் பிடிக்கும். இருக்கைப் பலகையில் போட்ட மெத்தை கிழிந்து பஞ்சு தெரியும். ஆனாலும் விடுதிக்காரர்கள் ஆட்களை அவரிடம்தான் அனுப்பினார்கள். காரணம், அவருடைய வாய்.

கரையிலிருந்து வட்டப்பாருக்குப் போய்ச் சேருவதற்குள் ஒரு மனிதனைச் சிரிக்கவைத்து, பயமுறுத்தி, மறுபடியும் சிரிக்கவைத்து இறக்கிவிடுவார். தமிழில் ஒரு கதை, சிங்களத்தில் அதே கதை வேறு மாதிரி, வெள்ளைக்காரருக்குக் கையும் கண்ணும் புருவமுமாக இன்னொரு மாதிரி. ஒவ்வொரு கதையின் முடிவிலும் தன் மீசையைத் தடவிக்கொண்டு, "இது பொய்யெண்டால் இந்த மீசையை வழிச்சுப்போடுவன்" என்பார். பார்ப்பதற்கு அப்படியான மீசை. அதைப் பணயம் வைத்த பிறகு யாருக்கும் சந்தேகம் வராது.

வட்டப்பார் என்பது கரைக்குக் கிட்டவே கடலுக்குள் கிடக்கும் முருகைக்கல் திட்டு, பவளப்பாறை. தண்ணீர் வற்றும்போது இடுப்பளவு ஆழம்தான். மான்கொம்பு போன்றவை, மூளை போன்றவை, கவிழ்த்த சட்டி போன்றவை என்று அங்கே பலவகை முருகை உண்டு. கண்ணாடியை மாட்டி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தவர்கள் நெடுநேரம் எழும்பமாட்டார்கள். எழும்பியதும் மூச்சு வாங்கிக்கொண்டு, கண்டதையெல்லாம் கொட்டுவார்கள். பாக்கியரத்தினம் அதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, அடுத்த படகுக்காரருக்கு இரண்டு மடங்காக்கிச் சொல்வார்.

அவர் ஒருபோதும் கீழே பார்த்ததில்லை. உப்புவெளியில் பிறந்து, சின்ன வயதில் தகப்பனோடு கரைவலை இழுத்து, மீன்போல் நீந்தப் பழகியவர்தான். ஆனால் கண்ணாடி போட்டுப் பார்க்க என்ன இருக்கிறது? கல். வலையைக் கிழிக்கிற கல். அப்படித்தான் அவர் வளர்ந்த காலத்தில் எல்லோரும் நினைத்தார்கள். பிறகு படகோட்ட வந்தபோது, யாராவது படகில் நிற்கத்தானே வேண்டும். ஒருதரம் கண்ணாடியை மாட்ட முயன்றார். மீசைக்குள்ளால் தண்ணீர் புகுந்து மூக்கெல்லாம் எரிந்தது. கழற்றி வைத்தவர்தான்.

கதை சொல்லும் வாய் அவருக்குக் கட்டாரில் வந்தது. சண்டைக் காலத்தில் கடலுக்குப் போவது பெரும்பாடாகிவிட, அங்கே கட்டிட வேலைக்குப் போனார். பகலில் அவருக்குப் பெயர் கிடையாது. "ஏய்" என்றால் திரும்பிப் பார்க்க வேண்டும். அடுக்கிவைத்தது போல ஆட்கள் படுக்கிற அறையில், ஒரு நாள் சும்மா ஊர்க் கதை ஒன்றை எடுத்துவிட்டார். நேபாளக்காரன், கேரளக்காரன், சிங்களப் பொடியன் எல்லோரும் எழுந்து உட்கார்ந்து அவருடைய முகத்தையே பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் அவரை அங்கே மனிதனாக வைத்திருந்தது. ஊருக்குத் திரும்பிப் படகு வாங்கிய பிறகும் அவருக்கு வேண்டியிருந்தது அதுதான். தன் வாயைப் பார்த்தபடி காத்திருக்கிற முகங்கள்.

அந்த வருடம் சித்திரை வெயில் சொல்லி மாளாது. காற்று அசையவில்லை. காலை வேளையிலேயே கடலில் காலை வைத்தால் குளிக்கக் காய்ச்சிய தண்ணீர் போலிருந்தது. வட்டப்பாரில் முதலில் நிறம் வெளுத்தது. சில கொம்புகளின் நுனியில் நீலமும் ஊதாவும் விளக்குப் போட்டது போல் மினுங்கின. பிறகு ஒரு காலை, படகில் இருந்தபடியே கண்ணுக்குத் தெரிந்தது, பார் முழுக்க வெள்ளை. பச்சைத் தண்ணீருக்குக் கீழே யாரோ வெள்ளைத் துணி விரித்துவிட்டது போல.

படகில் இருந்தவர்கள் ஒரு பக்கமாகச் சரிந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெண் அவரைத் திரும்பிப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டாள். எல்லா முகங்களும் அவரிடம் திரும்பின.

அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல அவருடைய வாய்க்குப் பழக்கம் இல்லை.

"முருகை பூத்திருக்கு" என்றார். "எல்லா வருசமும் பூக்காது. கண்ணால காணக் குடுத்துவைக்க வேணும்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு கதை தானாக வளர்ந்தது. வைகாசி பிறந்ததும் இன்னும் மெருகேறியது. மாதாவின் வணக்க மாதம் அல்லவா? முதன்முதலாக நற்கருணை வாங்கி முதல் நன்மை எடுக்கிற பிள்ளைகளைப் போல முருகையும் மாதாவுக்காக வெள்ளை உடுப்பு உடுத்தியிருக்கிறது என்று சொன்னார். சொல்லும்போதே அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர், மீசையும் கடலும் வெள்ளைப் பாருமாக அவரை வீடியோ எடுத்து முகநூலில் போட்டார். அடுத்த கிழமையே பதுளையிலிருந்தும் மன்னாரிலிருந்தும் ஆட்கள் கேட்டுக்கொண்டு வந்தார்கள். மற்றப் படகுக்காரர்களும் அதே கதையைச் சொல்லத் தொடங்கினார்கள்.

அவருடைய மனைவி எல்சி பங்குக் கோயிலின் மாதா சபையில் செயலாளர். கணவனின் வாயால் சபைப் பெண்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் அதுவரை அவள் கண்ட பலன். இந்த முறை அவளுக்கும் பெருமை. சபைத் தலைவி, பள்ளி ஆசிரியை ஜெஸ்மின் ரீச்சர் உட்படப் பெண்கள் எல்லோரையும் ஒரு பின்னேரம் படகில் கூட்டிவந்தாள். நீந்தத் தெரியாத பெண்கள். பாக்கியரத்தினம் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, ஒவ்வொருவராகக் கை பிடித்துப் பாரின் மேல் இறக்கினார்.

"பயப்பிடாதேங்கோ. கல்லுத்தானே. நல்லா ஊண்டி நில்லுங்கோ."

செருப்போடு நின்றார்கள். காலடியில் ஏதோ நொறுங்க, சிரித்தபடி ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பிறகு இடுப்பளவு தண்ணீரில் நின்று மாதா பாட்டு ஒன்று பாடினார்கள். எல்சியின் கண் கலங்கியிருந்ததை அவர் கண்டார். கலியாணம் கட்டி இத்தனை காலத்தில் அவள் தன்னை அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார்.

லதுஷா வந்தது அதற்குச் சில நாள் கழித்து. பாலையூற்றுப் பக்கத்துப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் கடலுயிர்கள் பற்றிப் படிக்கிறாள். வழக்கமாக அவள் போவது கிண்ணியாக்காரன் முனாஸின் படகில். அன்றைக்கு முனாஸின் இஞ்சின் கழற்றிக் கிடந்ததால், மற்ற ஆட்களோடு பாக்கியரத்தினத்தின் படகில் ஏறினாள். அவர் முழுக் கதையையும் சொன்னார். பூத்தது, வெள்ளை உடுப்பு, முதல் நன்மை, மீசை எல்லாம். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பிள்ளை மட்டும் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பாரில் இறங்கி வெகுநேரம் கழித்து மேலே வந்தாள். கண்ணாடியைக் கழற்றாமலே படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மிதந்தாள்.

"எப்பிடிப் பிள்ளை, பூ?" என்று கேட்டார்.

"கரையில கதைப்பம் அங்கிள்."

கரையில் மற்றவர்கள் போகும்வரை காத்து நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கோவிக்காதேங்கோ அங்கிள். அது பூத்தது இல்லை. பட்டினி கிடக்குது."

அவர் சிரித்தார். "கல்லுக்கென்ன பிள்ளை பட்டினி?"

"கல்லு அது கட்டின வீடு. உள்ளுக்கு இருக்கிறது உயிர். கடுகைப் போல சின்னதாத் துவங்கும். ஒரு வாய், ஒரு வயிறு, வாயைச் சுத்தி விரல் மாதிரிக் குட்டிக் கையள். இரவில அதை நீட்டி, மிதந்து வாறதைப் பிடிச்சுத் தின்னும். அடியில சுண்ணாம்பு சுரந்து சுரந்து தனக்கு ஒரு கிண்ணம் கட்டும். பிறகு தன்னையே ரெண்டாப் பிரிச்சுப் பக்கத்தில இன்னொண்டு. அதுக்குப் பக்கத்தில இன்னொண்டு. அப்பிடிச் சேந்து சேந்து வந்ததுதான் நீங்கள் காட்டுற மான்கொம்பு. ஒரு கொம்பு விரலளவு வளர மாசக்கணக்குப் போகும். மூளை மாதிரி உருண்டையா இருக்கே, அது உங்கட அப்பா பிறக்க முந்தியே அந்த இடத்தில இருந்திருக்கும்."

"அப்ப ஏன் வெள்ளை?"

"நிறம் அதின்ர இல்லை அங்கிள். அதின்ர தோலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. அந்தப் பாசி வெயிலைக் குடிச்சுச் சமைச்சு, வீட்டுக்காரருக்கும் குடுக்கும். முருகை பிடிச்சுத் தின்னுறது கொஞ்சம், பாசி குடுக்கிறதுதான் கூட. தண்ணி அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் அந்தப் பாசியே நஞ்சு மாதிரி ஆயிடும். தாங்கேலாமல் முருகை அதை வெளிய தள்ளிப்போடும். பிறகு தோலில நிறம் இல்லை, கண்ணாடி மாதிரி. நீங்கள் காணுற வெள்ளை, தோலுக்குள்ளால தெரியிற எலும்பு."

எலும்பு. அந்தச் சொல் அவருடைய காதுக்குள் போய்க் குந்திக்கொண்டது.

"செத்துப்போச்சோ?"

"இன்னும் இல்லை. அதுதான் பாவம். உயிரோட இருக்கு. தண்ணி கெதியாக் குளிர்ந்தால் பாசி திரும்பிக் குடிவரும், தப்பிடும். கொஞ்சக் கிழமைதான் தாங்கும். இந்த நேரத்தில அதுக்கு மேல ஏறி நிண்டால்..." அவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "நீங்கள் ஒருக்காலும் கீழ பாக்கேல்லையோ அங்கிள்?"

"பாக்காமல்? எத்தினை தரம்!" என்றார் பாக்கியரத்தினம்.

அவள் தலையாட்டினாள். நம்பவில்லை என்பது தெரிந்தது. நனைந்த பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்குமிடத்துக்கு நடந்தாள்.

அவள் படகிலேயே எல்லோர் முன்னாலும் வைத்து அவரை மறுத்துப் பேசியிருந்தால், அவர் பதிலுக்கு நாலு கதை சொல்லிச் சமாளித்திருப்பார். அவள் அப்படிச் செய்யவில்லை. தன் மகள் வயதுப் பிள்ளை, தனக்கு மானம் போகக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறாள். அவர் கதையை நீட்டி முழக்கிக்கொண்டிருந்தபோது, உண்மை தெரிந்த ஒருத்தி முன்பலகையில் தலை குனிந்து இருந்திருக்கிறாள். இதை நினைக்க நினைக்க அவருக்கு உடம்பு கூசியது. எல்சி வைத்த சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பினார். "வெயில் ஒத்துக்கொள்ளேல்லை" என்றார். அதுவும் பொய்.

அடுத்த நாள் நடந்ததுதான் மோசம்.

பதுளையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. வீடியோவைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் பாதி நாட்டைக் கடந்து வந்தவர்கள். படகு பாரை நெருங்கியதும் அந்த வெள்ளை தெரிந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தாய், கைக்குழந்தையின் முகத்தைக்கூட அவர் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தாள். பாக்கியரத்தினம் வாயைத் திறந்தார். சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தார்.

"முருகை பூத்திருக்கு" என்றது வாய். "எல்லா வருசமும் பூக்காது."

முழுக்கச் சொன்னார். வெள்ளை உடுப்பு வரைக்கும் சொன்னார். முன்பு சொன்னதிலும் நன்றாகவே சொன்னார். கை மீசைக்குப் போனபோதுதான் பக்கத்தில் இன்னொரு படகு நிற்பதைக் கண்டார். முனாஸ். இஞ்சினைச் சரிபண்ணி, பரிசோதித்துப் பார்க்க வந்திருந்தான். லதுஷா அவனிடமும் எல்லாம் சொல்லியிருக்கிறாள் என்பது அவன் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. முனாஸ், காணக்கூடாத நேரத்தில் ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, படகை அப்பால் கொண்டுபோனான்.

முந்தின நாள்வரை அவர் அறியாமல் சொன்னார். அன்றைக்கு அறிந்து சொன்னார். இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரத்தை அவர் கரைக்குத் திரும்பும் வழியெல்லாம் அளந்துகொண்டே வந்தார். அன்று மத்தியானமே கண்ணாடி முன் நின்று மீசையை மழித்தார். சத்தியத்துக்காக மட்டுமல்ல. கீழே பார்க்க வேண்டுமென்றால் அது இருக்க ஏலாது.

எல்சி குசினிக்குள்ளிருந்து வந்து, கையிலிருந்த அகப்பையோடு நின்றுவிட்டாள். "என்னப்பா இது? ஆர் செத்தது?"

"இன்னும் ஒருத்தரும் சாகேல்லை" என்றார். அதற்கு மேல் அவளுக்குச் சொல்ல நா எழவில்லை. சபைப் பெண்கள் சனிக்கிழமை இன்னும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, பூவும் கொண்டு வரப்போகிறார்கள் என்று அவள் முந்தின நாள்தான் சந்தோசமாகச் சொல்லியிருந்தாள்.

அடுத்த நாள் முனாஸிடம் போய் நின்றார். "தம்பி, என்னை ஒருக்காப் பாருக்குக் கூட்டிக்கொண்டு போறியா? படகை நீ பிடி. நான் இறங்க வேணும்."

முனாஸ் மீசை இல்லாத முகத்தைப் பார்த்தான். சிரிக்கவில்லை. "நேத்து ஏன் அண்ணன் திரும்பவும் அப்படிச் சொன்னீங்க?"

"வாய் வந்திட்டுது."

"வாய் வரும். நாமதானே பூட்டணும்" என்றான். பிறகு கண்ணாடியை எடுத்துக் கொடுத்தான்.

முகத்தைத் தண்ணீருக்குள் வைத்த முதல் கணத்தில் அவருக்கு எல்லாம் மறந்துபோயிற்று. அத்தனை அழகு. சின்னஞ்சிறு நீல மீன்கள் வெள்ளைக் கொம்புகளுக்குள் புகுந்து புகுந்து வந்தன. கிட்டப் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். வெள்ளைக் கொம்பின் மேலெல்லாம் குண்டூசி முனையளவு பூப்போலக் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் கண்ணாடிச் சளி போல ஏதோ ஒட்டிக்கொண்டு அசைந்தது. இருக்கிறது, உயிரோடு இருக்கிறது. சில கொம்புகளில் அதுவும் இல்லை. அவற்றின் மேல் பச்சையும் மண் நிறக் கபிலமுமாக அழுக்குப் படியத் தொடங்கியிருந்தது. ஒரு பெரிய உருண்டை முருகையின் நிழல்பட்ட பக்கத்தில் மட்டும் கடுகு நிறம் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகுதான் அந்த இடத்தைக் கண்டார். பாரின் நடுவில் ஒரு வெட்டைவெளி. மான்கொம்புகள் எல்லாம் உடைந்து, நொறுங்கி, சமைத்த கோழியின் எலும்பைத் தின்று துப்பியது போலக் குவிந்து கிடந்தன. நடுவே உழுதது போல ஒரு நீளக் கோடு. அவர் வழக்கமாக நங்கூரம் போடும் இடம் அது. கோட்டின் ஓரத்தில் ஆட்கள் நின்ற இடம். எல்சி நின்ற இடமும் அதுதான். ஒவ்வொருவராகக் கை பிடித்து இறக்கினது அவருடைய கை.

கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்தது. அதை உள்ளே விட இப்போது மீசை இல்லை, ஓட்டையும் இல்லை. முனாஸ் கை கொடுத்து ஏற்றியபோது அவர் படகின் அடித்தட்டில் குந்தி, இரண்டு கையாலும் வெறும் மேலுதட்டைப் பொத்திக்கொண்டார். மீசையை எடுத்த பிறகு தன் முகம் எல்லோருக்கும் திறந்து கிடப்பது போலிருந்தது அவருக்கு.

சனிக்கிழமை சபைப் பெண்கள் வெள்ளைச் சேலையும் மல்லிகைப் பூவுமாகக் கரைக்கு வந்தார்கள். பாக்கியரத்தினம் படகைத் தண்ணீரில் தள்ளாமல் அதன் முன்னால் நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குக் கதை வரவில்லை.

"இண்டைக்குப் போகேலாது ரீச்சர். அது... பூ இல்லை. நான் தெரியாமல் சொல்லிப்போட்டன். அது சூட்டில நோய்ப்பட்டுக் கிடக்குது. நாங்கள் மேல நிண்டு மிதிச்சு உடைச்சும் போட்டம். அது உயிர்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஜெஸ்மின் ரீச்சர் சிரித்தார். "என்ன மிஸ்டர் பாக்கியம், மீசையோட மூளையும் போட்டுதோ? நீங்கள்தானே சொன்னனீங்கள் மாதாவுக்கு உடுத்தினது எண்டு?"

"நான்தான் சொன்னனான். பொய் ரீச்சர்."

"அப்ப இப்ப சொல்லுறது?"

பொய் சொன்ன வாய்தானே இதையும் சொல்கிறது. இத்தனை காலம் அந்த வாயை நம்பவைக்க மீசையைக் காட்டினார். இப்போது காட்ட அதுவும் இல்லை. "வேற ஆக்களிட்டப் படகைக் குடுத்திட்டார் போல. வெளிநாட்டுக்காரர் வந்திருப்பினம்" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். ஜெஸ்மின் ரீச்சர் அடுத்த படகுக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பெண்கள் மணலில் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி அங்கே போனார்கள். அந்தப் படகுக்காரர் இறங்கி வந்து வரவேற்றார். "வாங்கோ, வாங்கோ. முருகை பூத்திருக்கு. எல்லா வருசமும் பூக்காது" என்றார். வார்த்தைக்கு வார்த்தை பாக்கியரத்தினத்தின் கதை. குரலை இறக்கி ஏற்றிய இடம்கூட அவர் இறக்கி ஏற்றிய இடம்தான்.

எல்சி போகவும் இல்லை, நிற்கவும் இல்லை. இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு, கையிலிருந்த மல்லிகைச் சரத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவளுடைய முதுகைப் பார்க்க அவரால் ஏலவில்லை. கடலில் இருந்து பாட்டுச் சத்தம் வந்தது. அது முடியும்வரை படகோடு நின்றார். காதைப் பொத்திக்கொள்ள அவருக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

எல்சி அவரோடு கதைக்கவில்லை. சோறு போட்டாள், தேநீர் வைத்தாள், அவருடைய பக்கம் திரும்பாமல் கதிரையில் இருந்து செபமாலை சொன்னாள். அவரும் சமாதானம் சொல்லப் போகவில்லை. சொன்னால் அதுவும் ஒரு கதையாகிவிடும் என்று பயந்தார். ஒரு காலை அவளே வாசலில் வந்து நின்றாள். "இஞ்சருங்கோ, எனக்கு அதைக் காட்டுங்கோ" என்றாள்.

அவளுக்கு நீந்தத் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டைக் கட்டி, பாருக்கு வெளியே மணலடியில் நங்கூரத்தைப் போட்டு, அவளைப் பிடித்தபடி தானும் மிதந்தார். கண்ணாடி வழியாக அவள் பார்த்தாள். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த நொறுங்கல் வெட்டை வந்ததும் அவளுடைய கை அவருடைய கையை இறுக்கியது. படகில் ஏறி, தலையைத் துவட்டியபடி சொன்னாள்.

"பசியோட கிடந்ததுக்கு மேல ஏறி நிண்டு பாட்டுப் பாடியிருக்கிறம்."

"நீங்கள் இல்லை. நான் ஏத்தினனான்."

"கண்ணைத் திறந்து பாக்காமல் அழுதது நான்தானே" என்றாள். அவள் அவரை மன்னித்ததாகச் சொல்லவில்லை. அந்த வெட்கத்தில் ஒரு பாதியைத் தானும் எடுத்து வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அதன் பிறகு அவர்கள் செய்தது சின்ன வேலை. லதுஷா இடம் காட்ட, முனாஸும் பாக்கியரத்தினமும் பழைய வாகன ரயருக்குள் சீமெந்து ஊற்றிப் பாருக்கு வெளியே மணலில் இறக்கினார்கள். கயிறு கட்டி, மேலே மிதவையாக ஒரு வெற்றுப் பிளாஸ்டிக் கானைக் கட்டிவிட்டார்கள். யாரும் நங்கூரம் போடத் தேவையில்லை, அதில் கட்டலாம். முதலில் கட்டினது அவர்கள் இரண்டு பேரின் படகு மட்டும்தான். மற்றவர்கள் பகிடி பண்ணினார்கள். "பூக்காரர் வாறார்" என்று கூப்பிட்டார்கள். அவர் மறுத்துச் சொல்லவில்லை. அந்தப் பெயருக்குத் தான் தகுதியானவன்தான் என்று நினைத்தார். பாரில் நிற்கிறவர்களிடம் போய், "தயவுசெய்து மிதந்து பாருங்கோ, மிதிக்காதேங்கோ" என்று கெஞ்சுவார். சிலர் கேட்டார்கள். சிலர், நீ யாரடா என்று கேட்டார்கள்.

மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாகப் பிடித்த பிறகு தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்தது. உருண்டை முருகைகளில் கடுகு நிறம் நிழல் பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல ஊர்ந்து வெயில் பக்கத்துக்கு வந்தது. பாசி திரும்பக் குடிவந்துவிட்டது என்றாள் லதுஷா. மான்கொம்புகளில் பெரும்பகுதி தப்பவில்லை. வெள்ளை போய்ப் பச்சை அழுக்கு மூடி, தலைமுடி போலப் பாசி வளர்ந்து, கொம்புகள் தாமாக ஒடிந்து விழுந்தன. அந்தக் கோலத்தைப் பார்க்க யாரும் பஸ் ஏறி வரவில்லை. உடைந்த வெட்டையின் ஓரத்தில் இருந்ததெல்லாம் முதலிலேயே செத்துப்போயிற்று. உடைக்காமல் விட்டிருந்தால் தப்பியிருக்குமா என்று அவர் கேட்டார். லதுஷா, "சிலது" என்றாள்.

மழைக்காலம் கழிந்து முருகை முட்டை விடும் காலம் வந்தபோது அவர் இன்னொன்றும் அறிந்தார். தப்பின முருகைகள் அந்த வருடம் முட்டை விடவில்லை. நல்ல காலத்தில், வருடத்தில் ஒரு பறுவத்தை, அதாவது முழுநிலவை, அண்டிய நாட்களில், எல்லாம் ஒன்றுக்கொன்று சொல்லிவைத்தது போல இளஞ்சிவப்பு மணிகளாக முட்டையும் விந்தும் சேர்த்துக் கடலில் விடுமாம். அவை மேலே மிதந்து கலந்து, கருவாகி, கண்ணுக்குத் தெரியாத குஞ்சாகி, நீரோட்டத்தோடு போகுமாம். "இந்தமுறை அதுக்குத் தெம்பு இல்லை அங்கிள். தான் பிழைக்கிறதே பெரும்பாடு" என்றாள். அன்று வீட்டில் அதை எல்சிக்குச் சொன்னார். அவர்களுக்குப் பிள்ளைகள் மூன்று பேர். பிள்ளை இல்லாமல் போவது என்ன என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் ஏதோ ஒரு வீட்டின் தொட்டிலை எட்டி உதைத்தவன் போல உணர்ந்தார்.

லதுஷா பாரின் ஓரத்தில் கூரை ஓட்டுத் துண்டுகளைக் கம்பியில் கோத்துக் கட்டியிருந்தாள். மிதந்து வரும் குஞ்சுகள் வந்து ஒட்டுகின்றனவா என்று பார்ப்பதற்காக. மாதங்கள் கழித்து ஒரு காலை, அவளோடு அவரும் இறங்கினார். ஓட்டின் கீழ்ப்பக்கத்தில் இளஞ்சிவப்புப் படலம் படிந்திருந்தது. அதன் மேல் அவள் விரலால் தொடாமல் சுட்டிக்காட்டினாள். மிளகளவுகூட இல்லை. ஒரு வட்டக் கிண்ணம். அதற்குள் கபில நிறத்தில் ஏதோ மூச்சு விடுவது போல விரிந்து சுருங்கியது.

மேலே வந்ததும் அவர் கேட்டார். "இது எங்கட பாரில பிறந்ததோ?"

"இருக்காது அங்கிள். இஞ்ச ஒண்டும் முட்டை விடேல்லையே. வேற எங்கையோ ஒரு பாரில பிறந்து, நீரோட்டத்தில வந்திருக்கும். வந்து, ஊர்ந்து ஊர்ந்து இடம் பார்த்து, பிடிச்ச இடத்தில ஒட்டினால் ஒட்டினதுதான். பிறகு ஒருக்காலும் இடம் மாறாது."

"வேற இடத்தில ஒட்டியிருக்கலாமே பிள்ளை."

"ஒட்டியிருக்கலாம்."

அவர் படகின் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரில் கிடந்தார். சந்தோசப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. லதுஷாவின் முகத்தில் அது இருந்தது. ஆனால் அவருக்கு வந்தது வேறு. எங்கோ பிறந்த ஒன்று, இங்கே நடந்தது எதுவும் அறியாமல், இந்த இடத்தை நல்ல இடம் என்று நம்பி வந்து குந்தியிருக்கிறது. அப்படி நம்புவதற்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று நினைத்தபோது முகம் சுட்டது.

சற்றுத் தூரத்தில் வேறொரு படகு வந்துகொண்டிருந்தது. அதில் இருந்தது ஓர் இளம் தம்பதி போல. கணவன் படகின் முன்பக்கத்தில் எழுந்து நின்று நங்கூரத்தைக் கையில் எடுத்திருந்தான். பாக்கியரத்தினம் கையை உயர்த்தி மிதவையைக் காட்டினார். அவன் பார்க்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றாமலே, அந்தப் படகை நோக்கி நீந்தத் தொடங்கினார்.